எண்ணூறு மீற்றர் ஓட்டமும் பெண்ணின் ‘பலவீனமும்’

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே தொகுக்கின்றனர். நடைபெறாத போட்டிகளுக்கும் வரலாறு உண்டு. 1932 முதல் 1956 வரையான ஒலிம்பிக் விழாக்களிற் பெண்களுக்கு இருநூறு மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் இருக்கவில்லை. இத்தடைக்குக் காரணமாகக் காட்டப்பட்ட ஒரு நிகழ்ச்சியை இங்கு நாம் ஆராய முற்படுகிறோம்.

1896 இல் அதென்சிற் கூடிய முதல் விழாவிற் பெண்கள் பங்குபற்றவில்லை. 1900 இல் பரிஸ் விழாவில் ஏறத்தாழ ஆயிரம் போட்டியாளருள் 22 பேரே பெண்கள். வென்ற ஆடவரைக் கரகோஷத்தாற் கௌரவிப்பதே பெண்ணுக்குரிய பங்கென்பது ஒலிம்பிக்கின் தந்தையெனப்படும் கூபேர்த்தன் பிரபுவின் கருத்தாகும். இதனை எதிர்த்து நின்றவர் அலிஸ் மில்லியா என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. 1921 இல் பெண்களுக்கெனச் சர்வதேச விளையாட்டுச் சம்மேளனம் ஒன்றை நிறுவிய அவர், மறுவருடமே பரிசிற் பெண்கள் ஒலிம்பிக் விழாவை நடத்திக் காட்டினார். ‘ஒலிம்பிக்’ என்ற பெயரைக் கைவிட்டதற்கு ஈடாக 1928 ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் விழாவில் ஐந்தே ஐந்து மெய்வல்லுநர் போட்டிகள் பெண்களுக்குக் கிடைத்தன. இது போதாதெனப் பிரித்தானியப் பெண்கள் அப்போட்டிகளைப் பகிஷ்கரித்தனர்.

அவ்வைந்தனுள் ஒன்றே எண்ணூறு மீற்றர் ஓட்டம். ஓகஸ்ட் 2 ஆம் திகதி நடைபெற்ற இறுதிப் போட்டியில் ஒன்பதின்மர் ஓடினர். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையுடன் வென்றார். நூறு மீற்றரில் வெற்றிவாய்ப்பை இழந்து, பழக்கமில்லாத இத்தூரத்தை ஓடத் துணிந்த யப்பானின் ஹிதோமி கினுவே இரண்டாமிடம் பெற்றார். களைப்பினாற் சிலர் எல்லைக்கோட்டருகே தரையிற் சாய்ந்தனர். நடந்தது இவ்வளவே.

பத்திரிகைகளில் வெளிவந்ததோ வேறு. பதினொருவர் ஓடினர் என்றும், ஐவர் இடைவழியில் நின்றுவிட்டனர் என்றும், வேறு ஐவர் முடிவில் மயங்கி விழுந்தனர் என்றும் அமெரிக்கச் செய்தியொன்று கூறிற்று. ஓடியவர்களின் எண்ணிக்கையையே பிழையாகத் தரும் சாட்சியம் இது. ஒன்பதின்மரும் ஓடி முடித்தனர் என்பதற்குப் போட்டி முடிவுகளே சான்று. எனினும் பெண்ணின் உடல் இத்தகைய முயற்சியைத் தாங்காது என்ற மருத்துவக் கூற்றுகள் இச்செய்திக்குத் துணையாயின, போட்டியும் நீக்கப்பட்டது. ஆகவே அம்ஸ்ரடாம் ஓட்டம் தடைக்குக் காரணமன்று, சாட்டேயாகும் என்பது எமது துணிபு. தீர்ப்பு முன்னரே இருந்தது. சாட்சியம் பின்னர் தேடப்பட்டது.

1908 இல் இலண்டன் மரதன் ஓட்டத்தில் இத்தாலியரான டொராண்டோ பியெத்ரி பலமுறை விழுந்து, பிறர் தாங்க எல்லையைக் கடந்தார். விதிப்படி வெற்றியை இழந்த அவருக்கு அரசி அலெக்சாந்திரா கிண்ணம் வழங்கினார். ஆண் விழுந்தால் வீரம், பெண் விழுந்தால் இயலாமை! ஆலைகளிற் பெண்கள் நாள்முழுதும் நின்று உழைத்த காலமும், எமது மலையகத்திற் கொழுந்துக் கூடையுடன் அவர்கள் மேடேறிய காலமும் இதுவே. அங்கெல்லாம் பெண்ணுடலின் மென்மை எவர் நினைவுக்கும் வரவில்லை என்பதையும் குறித்தல் தகும்.

எண்ணூறு மீற்றர் ஓட்டம் 1960 இல் ரோமிலேயே மீண்டும் இடம்பெற்றது. மில்லியா 1957 இலேயே காலமாகியிருந்தார். 1967 இல் பொஸ்ரன் மரதனில் ஓடிய கதரின் சுவிற்சரின் இலக்கத்தைப் பறித்தெடுக்கப் போட்டி அதிகாரியொருவர் பாய்ந்தமை புகைப்படமாகவே எஞ்சியுள்ளது. பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984 இல் லொஸ் ஏஞ்சல்சில் முதன்முறையாக நடைபெற்றது. அன்று சுவிற்சர்லாந்தின் காபிரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெப்பத்தால் நிலைகுலைந்து, இறுதிச் சுற்றைத் தள்ளாடித் தள்ளாடிக் கடந்து 37 ஆவதாக முடித்தார். அரங்கு எழுந்து நின்று கரகோஷம் செய்தது. நான்கு வருடங்களின் பின் சோல் நகரிற் பெண்கள் மீண்டும் மரதன் ஓடினர்.