அலை அடங்கிய இடம்

பேராக் மாநிலத்திற்குக் கடல் உண்டு. அக்கடலுக்கு அலை இல்லை. இவ்வாறு கூறின் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், கோல செபெத்தாங் தொடங்கிப் பாகான் டத்தோ வரையிலும் நம் கரையோரத்தைக் கண்டு வந்தவர் இதனை முற்றாக மறுக்கமாட்டார். மேற்கே சுமத்திராத் தீவு நெடுமதில்போல் கிடக்கின்றது. இந்தியப் பெருங்கடலில் திரண்டு வரும் பேரலைகள் அம்மதிலில் மோதி அடங்கிவிடுகின்றன. மலாக்கா நீரிணை தானாக எழுப்பும் சிற்றலையும் மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் வேர்களிடையே நுழைந்து சோர்ந்து போகின்றது. ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள காடு அது. 1885ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து புறப்பட்டுச் சென்று முடிந்த போர்ட் வெல்ட் துறையும் (இன்றைய கோல செபெத்தாங் அதுவே) அலைவீசும் துறையன்று. சேறும் உப்பங்கழியும் சூழ்ந்த துறையே. மணற்கரை வேண்டுவோர் லுமுட் அருகிலுள்ள தெலுக் பாத்திக்கிற்கோ பங்கோர்த் தீவிற்கோ செல்லவேண்டும். அங்கும் பெரும்பாலான நாள்களில் கடல் குளம்போலவே கிடக்கும். பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலின் மாசிமகத் திருவிழாவிற்குச் சென்று கடலில் கால் நனைத்து வந்த நம் மக்கள் பலர், கடல் என்பதே அத்துணைச் சாதுவானது என்று எண்ணி வாழ்ந்தனர்.

தோட்டத்துப் பிள்ளைகளோ அந்தக் கடலையும் அடிக்கடி கண்டவரல்லர். அவர்கள் நீந்தக் கற்றது ஆற்றிலும், தோட்டத்துக் கால்வாயிலும், ஈயக்குட்டையிலுந்தான். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியவர்கள் விட்டுச்சென்ற பள்ளங்களில் மழைநீர் நிறைந்து, ஈப்போ, பத்து காஜா, கம்பார் வட்டாரமெங்கும் நூற்றுக்கணக்கான குட்டைகளாயின. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின், கைவிடப்பட்ட குட்டைகள் மேலும் பெருகின. பார்வைக்கு நீலப் பச்சையாய், காற்றில்கூட அசையாது கிடக்கும் நீர். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் முழங்கால் ஆழம். மூன்றாம் அடியில் தலைக்குமேல் நீர். வழுக்கும் களிமண் கரையில் பிடிமானம் இராது. எங்கள் தலைமுறையில், அத்தகைய குட்டையில் ஒரு பிள்ளையையேனும் பறிகொடாத தோட்டத்தை நான் அறியேன். அசையாத நீரை நம்பற்க என்பது குட்டை நமக்குக் கற்பித்த பாடம். ஆயின் அப்பாடத்தை நாம் குட்டையோடு விட்டுவிட்டோம்; கடலுக்குக் கொண்டு செல்லவில்லை.

கடலின் அலையை நேர்நின்று கண்டவர்கள் நம் முன்னோர். அவர்கள் வாழ்வில் அதனை ஒருமுறையே கடந்தனர். கடந்த பின்னர் அது பற்றிப் பேசியவர் சிலரே. என் பாட்டி பேசுவார். கங்காணி ஒருவரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் அவர். தோட்டவேலைக்கு உதவிபெற்று வருவதை இந்திய அரசு 1938இல் நிறுத்துவதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. நாகையில் நீராவிக் கப்பல்கள் கரையை அண்டா. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மக்களைப் படகில் ஏற்றி, ஆற்றின் முகத்துவாரம் கடந்து கப்பலுக்குக் கொண்டுசெல்வர். “எல்லாரையும் குந்தச் சொல்லிட்டு, படகுக்காரன் மட்டும் நின்னுக்கிட்டு அலைய எண்ணிக்கிட்டே இருந்தாம்பா. ஒருத்தரும் வாயத் திறக்கல. திடீர்னு ஒரு சத்தம் போட்டான் பாரு, அத்தன துடுப்பும் ஒண்ணா விழுந்துச்சு” என்பார். அவன் எதனை எண்ணினான் என்று சிறுவனாகிய நான் கேட்டதுண்டு. பாட்டிக்குத் தெரியவில்லை. பின்னாளில் சென்னைப் பட்டினத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

ஆங்கிலேயர் 1639இல் நிலம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கிய இடம், துறைமுகத்திற்குச் சற்றும் ஏலாத வெறும் மணற்கரை. கப்பல்கள் ஒரு கல், இரு கல் தொலைவிலேயே நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகள் வரிசை வரிசையாக உடைந்து நுரைத்தன. மேனாட்டார் கொணர்ந்த ஆணியடித்த படகுகள் அவ்வலையில் மணலில் மோதிச் சிதறின. அதனைக் கடக்க வல்லது ஒன்றே இருந்தது. அதுவே மசூலாப் படகு. ஆணி ஒன்றுமின்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டது. அலை அறைந்தால் உடையாமல் வளைந்து கொடுப்பது. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள், ஆளுநர் முதல் அடிமட்டச் சிப்பாய் வரை சென்னையில் கால்வைத்த ஒவ்வொருவரும் இப்படகில் அமர்ந்து, கரையோர மக்களின் கையில் உயிரை ஒப்படைத்தே இறங்கினர்.

அப்படகோட்டிகள் அலையை எதிர்த்துப் போரிடவில்லை. அலைகள் யாவும் ஒரே அளவின அல்ல என்பதும், பேரலைகள் சில தொடர்ந்து வந்தபின் சிறிது நேரம் சிற்றலைகளே வரும் என்பதும் அவர்கள் கண்டறிந்தவை. அலை உடையும் வரிசைக்கு வெளியே படகை நிறுத்திக் காத்திருப்பர். பெருந்திரை கடந்ததும் தண்டல் குரல் கொடுப்பான். அடுத்த பெருந்திரை வருமுன் ஒரே மூச்சில் உள்ளே ஓட்டிவிடுவர். நாகையில் அந்தப் படகுக்காரன் எண்ணிக்கொண்டு நின்றது இதனைத்தான்.

இதனினும் எனக்கு வியப்பளிப்பது மற்றொரு செய்தி. மசூலாப் படகு அலையைக் கடக்கும்போது, அதன் அருகில் கட்டுமரங்கள் தொடர்ந்து செல்லும். படகு கவிழ்ந்தால், நீரில் விழுந்தோரைத் தூக்குவதற்கென்றே அவை சென்றன. கவிழ்ந்தபின் ஓடிவரும் உதவியன்று அது. கவிழ்வதற்கு முன்பே உடனிருந்த காவல். அலையிலிருந்து உயிர்காத்த கட்டுமரக்காரர்களுக்குக் கும்பெனியார் பதக்கம் வழங்கியதுமுண்டு. கரையில் கொடிமரம் ஒன்றும் இருந்தது. கடத்தற்கரிய அலை வீசும் நாள்களில் அதில் எச்சரிக்கைக் கொடி ஏறும். அன்று கப்பலிலிருந்து எவரும் இறங்கலாகாது. காவலர், உடன்மிதக்கும் துணை, கொடி ஆகிய இம்மூன்றுமே இன்றைய உலகில் கடற்குளிப்புப் பாதுகாப்பின் அடிப்படைகள். ‘கட்டுமரம்’ என்னும் நம் சொல்லை உலகமொழிகள் எடுத்துக்கொண்டமை குறித்து மேடைகளில் பெருமை பேசுகிறோம். அக்கட்டுமரம் யாருக்காக அலையில் காத்து நின்றது என்பதை எவரும் பேசக் கேட்டதில்லை.

அலைக்கு அஞ்சியே சென்னையில் துறைமுகம் எழுப்பினர். 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டினர், 1881 நவம்பரில் வந்த புயல், கட்டியவற்றை உடைத்தெறிந்தது, மீண்டும் கட்டினர். தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுதோறும் கரையோரமாக நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. தெற்கே மணல் குவிந்து அகன்று விரிந்தது. ஆளுநர் கிராண்ட் டப் 1880களில் அக்கரையோரம் உலாச்சாலை அமைத்து மெரினா எனப் பெயரிட்டார். அலையிடமிருந்து தப்புவதற்காகக் கட்டிய சுவர், மக்களை ஆயிரக்கணக்கில் அலையினருகே அழைத்துச் சென்ற கரையைப் படைத்தது. கட்டுமரக் காவலும் மசூலாப் படகும் தேவையற்றுப்போன அதே காலத்தில்தான், அலையை அறியாத நகரமக்கள் நீரில் இறங்கத் தொடங்கினர்.

மெரினாவில் இளைஞர் மூழ்கிய செய்தியை இதழ்கள் வெளியிடும்போதெல்லாம், “இராட்சத அலை இழுத்துச் சென்றது” என்று எழுதுகின்றன. மொழியாசிரியன் என்னும் முறையில் இத்தொடர்மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அலை இழுப்பதில்லை, தள்ளுகிறது, அதுவும் கரையை நோக்கியே தள்ளுகிறது. அலைமேல் அலையாக வந்து குவிந்த நீர், கடலுக்குத் திரும்பியாக வேண்டும் அன்றோ? நீருக்கடியில் மணல்திட்டு இருக்குமாயின், அத்திட்டின் தாழ்ந்த இடைவெளி ஒன்றைத் தேடி, ஆறுபோல் ஒடுங்கி விரைந்து வெளியேறும். அதுவே இழுவை நீரோட்டம். அவ்விடத்தில் ஆழம் மிகுதி. ஆதலால் அலை அங்கே உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவே கருத்து, அமைதியாய், ஒரு வாய்க்கால்போல் அந்நீர் தோன்றும். அறியாதார் கண்ணுக்குக் குளிக்கத்தக்க இடமாகவே படும். அதன் விரைவு சில வேளைகளில் நொடிக்கு இரண்டு மீட்டரை எட்டும். நெடுந்தொலைவு நீந்தும் உலக வீரனும் அதனை எதிர்த்துக் கரைசேர இயலாது.

ஆசுத்திரேலியர் இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். சிட்னி நகரின் பொண்டாய்க் கடற்கரையில் 1938 பிப்ரவரி 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பேரலைகள் அடுத்தடுத்து வந்து மோதின. அவற்றின் நீர் திரும்பியபோது, மணல்திட்டில் நின்றிருந்த இருநூறுக்கும் மேற்பட்டோரை ஒருசேர ஆழத்திற்குக் கொண்டுபோயிற்று. உயிர்காப்புச் சங்கத்தார் எண்பதின்மர் அளவில் அந்நேரம் கரையில் கூடியிருந்தனர். ஐவர் இறந்தனர், ஏனையோர் மீட்கப்பட்டனர். காவலர் இல்லாத கரையில் அது நிகழ்ந்திருப்பின் எண்ணிக்கை என்னவாகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

இவையெல்லாம் பேராக்கிலிருக்கும் நமக்கு எதற்கு என்று 1982ஆம் ஆண்டுவரை கேட்டிருக்கலாம். அவ்வாண்டு சூலை முதல் நாள், கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதுவரை நாட்டைச் சுற்றிச் சென்றடைய வேண்டியிருந்த கிளந்தான், திரங்கானுக் கரைகள் ஒருநாள் பயணத்திற்குள் வந்தன. அக்கரை எதிர்கொள்வது தென்சீனக் கடலை. அங்கே மதிலாக ஒரு சுமத்திரா இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும். நம் பள்ளிகளுக்கோ பல்லாண்டுகள் நெடுவிடுமுறை நவம்பர், டிசம்பரிலேயே அமைந்தது. அலை மிகக் கொடிதாகும் திங்களில், அலையையே அறியாத பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் சென்றோம்.

அவ்வாறு சென்றவர்களுள் நானும் ஒருவன். எண்பதுகளின் நடுவில், ஆண்டிறுதிச் சுற்றுலா ஒன்றில், கிழக்குக்கரையில் பிள்ளைகள் கடலில் இறங்க அனுமதி கேட்டனர். நுரைத்து உடையும் அலையைக் கண்டு அஞ்சிய நான், கரையோரம் நடந்து பார்த்து, அலை அடங்கிய ஓர் இடத்தைத் தேர்ந்து, “இங்கே குளியுங்கள், ஆழம் போகாதீர்கள்” என்று நானே கைகாட்டினேன். ஈயக்குட்டையில் நீந்தக் கற்ற, பள்ளியிலேயே திறமான நீச்சற்காரன் ஒருவன், சில நொடிகளில் எங்களை விட்டு விலகிப்போனான். அவன் கரையை நோக்கி முழு வலிமையோடு நீந்தினான். கரையோ அவனைவிட்டு அகன்றுகொண்டே இருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய் மீனவர் ஒருவர், இரு கைகளையும் பக்கவாட்டில் வீசி வீசி, கரைக்கு வராதே, ஓரமாய்ப் போ என்று கூவினார். பின் காலித் தோம்பு ஒன்றை அணைத்துக்கொண்டு தாமே இறங்கினார். அத்தோம்பைப் பற்றிய மாணவனை எதிர்நீச்சலடித்துக் கரைக்கு இழுக்காமல், கரைக்கு இணையாக நெடுந்தொலைவு கொண்டுபோய், அலை உடையுமிடம் சேர்ந்ததும் அவ்வலைகளே தள்ளிவிடக் கரையேற்றினார். நன்றி சொல்ல நா எழாமல் நின்ற என்னிடம், “ஆசிரியரே, அவ்விடத்தில் மட்டும் அலை ஏன் உடையவில்லை என்று எண்ணிப் பார்த்தீரா?” என்று மலாயில் கேட்டார்.

அன்று அவர் செய்த ஒவ்வொன்றிற்கும் காரணம் உண்டு என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். இழுவை நீரோட்டம் ஆளை நீருக்கடியில் அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டுபோய், அலைவரிசைக்கு அப்பால் வலுவிழந்துவிடும். மாய்வோர் பெரும்பாலும் எதிர்நீந்திக் களைத்தே மாய்கின்றனர். ஆகவே அகப்பட்டவன் மல்லாந்து மிதந்து மூச்சைக் காக்கவேண்டும். கையை உயர்த்திக் காட்டவேண்டும். இயலுமாயின் கரைக்கு இணையாக நீந்தி, நுரை காணும் பக்கம் ஒதுங்கவேண்டும். மீட்கப் போகின்றவன் வெறுங்கையோடு பாய்தல் கூடாது. காலித் தோம்போ, பந்தோ, வண்டிச் சக்கரக் குழாயோ, மிதப்பது எதுவாயினும் எறியவேண்டும். தம்பியைக் காக்க அண்ணனும், மாணவனைக் காக்க ஆசிரியனும் வெறுங்கையோடு இறங்கி இருவருமாய் மாண்ட செய்திகளை நாம் படிக்காத ஆண்டில்லை. சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகள் நாட்டியிருப்பின் அவற்றின் இடையே மட்டும் குளிக்கலாம். தனிச் சிவப்புக்கொடி பறந்தால் நீரில் கால்வைத்தலே ஆகாது. கொடியும் காவலரும் இல்லாத கரையில், உயரமான இடத்தில் பத்து நிமிடம் நின்று, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, நுரையும் கலங்கல் மணலும் எப்பக்கம் மிதந்து போகின்றன என்று பார்க்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்னை சென்றிருந்தபோது, ஒரு மாலை மெரினாவில் அமர்ந்திருந்தேன். இறங்கிக் குளித்தல் அங்கே தடைசெய்யப்பட்டது. எனினும் இளைஞர் கூட்டம் இடுப்பளவு நீரில் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. நான் அலைகளை எண்ணத் தொடங்கினேன். பெருந்திரை சில வந்தன, பின் சிறியவை. இடப்புறமும் வலப்புறமும் வெண்மையாய் நுரைத்த கடலின் நடுவே, கருத்த பட்டை ஒன்று கரையிலிருந்து உள்ளே நீண்டிருந்தது. அதன் விளிம்பில் பிள்ளைகள் மூவர் நின்றிருந்தனர். நான் எழுந்து நடப்பதற்குள் காவலர் ஒருவரின் ஊதல் ஒலித்தது. அவர்கள் சலித்துக்கொண்டே கரையேறினர்.