பழைய மடிக்கணினியும் பிரிஞ்சாங் மலையும்

மலேசியாவின் கேமரன் மலையில் இணையம் நின்றுபோனால் முதலில் மலைமீது பழி விழும். அடுத்தது பனிமூட்டம். மடிக்கணினி கொஞ்சம் பழையதாக இருந்துவிட்டால் அதன் வயதும் சேர்ந்துகொள்ளும். மூன்றும் கண்ணுக்குத் தெரிகிறவை என்பதால் மூன்றையும் எளிதாக நம்பிவிடுகிறோம். ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்குக் கம்பியில்லா இணையம் வந்த கதையை ஆண்டுவாரியாகப் பார்த்தால் வேறொரு காரணம்தான் மேலெழுகிறது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மடிக்கணினியும் பெரும்பாலும் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது. எதிர்முனையில் அலைகளுக்கான விதிகள் மாறிக்கொண்டே வந்தன. அந்த மாற்றம் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுக்கு அறிவிப்பாக வந்து சேரவில்லை, பழுதாகத்தான் வந்து சேர்ந்தது.

மலையைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 1885இல் வில்லியம் கேமரன் அளவெடுக்க வந்த இந்த மேட்டுநிலத்துக்கு மோட்டார் சாலை வந்து சேர 1931 ஆனது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். காடழித்து, சரிவு வெட்டி, கன்று நட்டவர்களில் தமிழர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஹாபுவிலிருந்து பிரிந்து உள்ளே போகிற பள்ளத்தாக்கில் போ தோட்டமும், பிரிஞ்சாங் மலைச்சரிவில் சுங்கை பாலாஸ் தோட்டமும், வடக்கே கம்போங் ராஜா பக்கம் புளூ வேலியும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி முகடுகளுக்கு இடையே அமைந்தன. தேயிலைக்கு ஏற்ற சரிவு அலைக்கு ஏற்றதல்ல. கிட்டத்தட்ட 2,030 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் உச்சியில் கோபுரங்கள் நிற்கின்றன, ஆனால் உச்சியில் கோபுரம் இருப்பதும் பள்ளத்தில் கிடக்கும் லயத்து வீட்டுக்கு அலை எட்டுவதும் ஒன்றல்ல.

இருந்தாலும் இந்த மலை கம்பியில்லா ஒலியை அறியாத இடமல்ல. 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயா மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்காக அரசாங்கமே பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. நோக்கம் பிரசாரம்தான் என்றாலும் தோட்டத்து மக்களுக்குக் காற்றில் வரும் தமிழ் பழகிப்போனது. அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று இன்று பரணிலிருந்து இறங்கினால், அதன் அலைவரிசையில் ஒலிபரப்பு இருக்கும்வரை பாடும். வால்வு போயிருந்தால் வால்வு மாற்றினால் போதும். வானொலி கேட்கிற கருவி. கேட்பதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை, கேட்பவர் யாரென்று நிலையத்துக்குத் தெரியவும் தெரியாது. மடிக்கணினியின் வைஃபை அட்டையோ பேசுகிற கருவி. அது ரவுட்டரிடம் தன்னை அறிமுகப்படுத்தி, கடவுச்சொல்லை மெய்ப்பித்து, எந்த வேகத்தில் எந்த மறைமொழியில் பேசலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகே முதல் பக்கம் திறக்கும். அந்தப் பேச்சின் மொழியை எதிர்முனை மாற்றிக்கொண்டால் நல்ல நிலையில் இருக்கும் கருவியும் ஊமையாகிவிடும். பழைய வானொலியும் பழைய மடிக்கணினியும் முதுமை அடையும் விதமே வேறு என்பது இதனால்தான்.

பனிமூட்டத்தின் மேல் உள்ள சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். வீட்டு வைஃபை பெரும்பாலும் இயங்குவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில். சாதாரண மூடுபனியும் மழையும் அந்த அலைகளைக் குறைக்கும் அளவு மிக அற்பம். மழை உண்மையாகவே கெடுப்பது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே. செயற்கைக்கோள் வழி இணையத்துக்குப் பெருமழை எதிரி, வீட்டுக்குள் பத்தடி தள்ளியிருக்கும் ரவுட்டருக்கு அல்ல. நனைந்த இலையடர்த்தியும் மண்மேடும் தகரத் தடுப்பும் அலையை விழுங்கும் என்பது உண்மை. ஆனால் அவை கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான தொல்லைகள். அவை குறுக்கே நின்றால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் சேர்ந்தே தவிக்கும். அதே மேசையில் புதிய கைத்தொலைபேசி வேலை செய்து பழைய மடிக்கணினி மட்டும் மறுக்கிறது என்றால் மலையை அங்கேயே விடுதலை செய்துவிடலாம்.

இனி வரலாறு. மலேசியாவில் தொலைபேசிக் கம்பிவழி அகன்ற அலைவரிசை 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பெயரில் வந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து செப்புக் கம்பி சில கிலோமீட்டர் தாண்டினாலே தளர்ந்துபோகும் தொழில்நுட்பம் அது. தானா ராத்தா பட்டணத்துக் கடைத்தெருவுக்கு உதவும், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் லயத்துக்கு உதவுவது கடினம். 2005இல் 3ஜி வந்தது. யுஎஸ்பி துளையில் செருகும் மோடம் குச்சி மடிக்கணினியைச் சாலையோடும் கம்பியோடும் கட்டிவைக்காமல் விடுவித்தது. 2010இல் தேசிய அகன்ற அலைவரிசைத் திட்டம் தொடங்கி, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு ஒன் மலேசியா நெட்புக் என்ற சிறிய மடிக்கணினிகளை அரசாங்கம் இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் யெஸ் நிறுவனம் வைமாக்ஸ் என்ற கம்பியில்லா இணையச் சேவையைத் தொடங்கியது. அந்த நிறுவனம் சார்ந்த ஒய்டிஎல் குழுமத்திடமே பிறகு ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளைக் கம்பியின்றி இணைக்கும் திட்டம் அது. பள்ளி வளாகங்களில் கோபுரங்கள் எழுந்தன, வகுப்புகளுக்குக் குரோம்புக் கணினிகள் வந்தன.

இந்தப் பட்டியலில் எது எப்போது வந்தது என்பதைவிட எது எப்போது போனது என்பதையே கவனிக்க வேண்டும். யெஸ் 2016இல் எல்டிஇ என்ற 4ஜி தொழில்நுட்பத்துக்கு மாறியது, வைமாக்ஸுக்காக வாங்கிய கருவிகள் அந்தப் புதிய அலையோடு பேசத் தெரியாதவை. ஒன் பெஸ்தாரிநெட் 2019 நடுவில் முடிவுக்கு வந்தது. குரோம்புக் ஒவ்வொன்றுக்கும் புதுப்பிப்பு நிற்கும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்து மாடல்களுக்கு அது குறுகிய ஆயுள், பத்தாண்டு என்று கூகுள் நீட்டியது 2023இல்தான். ஜெண்டேலா என்ற தேசிய இணைப்புத் திட்டத்தின் கீழ் 2021 டிசம்பர் இறுதியோடு நாடு முழுவதும் 3ஜி நிறுத்தப்பட்டது. அன்றிரவுவரை உழைத்த மோடம் குச்சி மறுநாள் காலையில் வெறும் நெகிழித் துண்டு. 3ஜியை மூடி அந்த அலைவரிசையை 4ஜிக்குக் கொடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. கவரேஜ் குறைந்த பள்ளத்தாக்குகளுக்கே அதனால் நன்மை உண்டு. ஆனால் 4ஜி கோபுரம் கட்டுவதற்கு இருந்த அட்டவணை, பழைய குச்சியை நம்பியிருந்த வீட்டுக்கு மாற்றுக்கருவி கொண்டுசேர்ப்பதற்கும் இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நடந்த மாற்றம் இன்னும் நுட்பமானது, எனவே இன்னும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. வைஃபையின் முதல் தரம் 1997இல் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தோடு வந்தது. 1999இல் 11, 2003இல் 54. அதன் முதல் பூட்டான வெப் என்ற மறைமுறையை 2001இல் ஃப்ளுரர், மாண்டின், ஷமிர் என்ற மூன்று ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அதன் பின் நடந்தது முன்னுதாரணமாகக் கொள்ளத்தக்கது. 2003இல் வந்த டபிள்யுபிஏ என்ற அடுத்த பூட்டு, ஏற்கெனவே விற்றுப்போன பழைய அட்டைகளிலேயே மென்பொருள் மாற்றத்தால் ஓடும்படி திட்டமிட்டு வடிவமைக்கப்பட்டது. புதிய பூட்டு போட்டவர்கள் பழைய கதவை மனத்தில் வைத்தே போட்டார்கள். 2004இன் டபிள்யுபிஏ2 வலுவான மறைமுறையைக் கொண்டுவந்தது, வெப் காலத்து அட்டைகள் பலவற்றின் வன்பொருளால் அதைத் தாங்க முடியவில்லை. 2018இல் டபிள்யுபிஏ3. புதிய ரவுட்டரை டபிள்யுபிஏ3 மட்டும் என்று அமைத்துவிட்டால் பழைய மடிக்கணினி வைஃபையின் பெயரைக் காட்டினாலும், கடவுச்சொல் சரியாக இருந்தாலும், இணைய மறுக்கும். பிள்ளை கடவுச்சொல்லை மறுபடி மறுபடி அடித்துப் பார்க்கும். ரவுட்டரின் அமைப்பில் இரண்டு பூட்டும் சேர்ந்த கலப்பு நிலையைத் தேர்ந்தெடுப்பதுதான் மருந்து.

சில சமயம் பெயரே தெரியாது. மடிக்கணினியின் அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்ததாக இருந்து ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசினால் அந்த வீட்டில் வைஃபை இருப்பதே அதற்குத் தெரியாது. வைஃபை 6 ரவுட்டர்கள் வந்தபோது இன்டெல் நிறுவனத்தின் சில பழைய அட்டைகள், பழைய டிரைவர் மென்பொருளோடு இருந்தால், அந்தப் புதிய இணைப்பின் பெயரைப் பட்டியலில் காட்டவே இல்லை. டிரைவரை மாற்றியதும் காட்டின. அட்டையில் எந்தக் கோளாறும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது வகை இன்னும் ஏமாற்றக்கூடியது. வைஃபை இணைந்திருக்கும், குறியீடு முழுமையாக இருக்கும், ஆனால் பக்கம் திறக்காது. தாய்ப்பலகையில் இருக்கும் சில்லறைக்காசு அளவுப் பேட்டரி தீர்ந்துபோனால் மடிக்கணினியின் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் காலாவதி நாளுள்ள சான்றிதழைக் காட்டுகிறது. நாள் தவறான கணினிக்கு எல்லாச் சான்றிதழும் செல்லாதவையாகத் தெரியும். நாள் சரியாக இருந்தாலும் தப்பமுடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, ஏராளமான தளங்களின் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்த ஒரு மூலச்சான்றிதழ் காலாவதியானது. அதற்கு மாற்றான மூலத்தை அறியாத பழைய கருவிகள் உலகெங்கும் அன்று பல தளங்களைத் திறக்க மறுத்தன. கிராமத்து ரவுட்டரும் கோபுரமும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தன.

எதிர்முனையைக் குறைசொல்லும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைக் கடந்துபோக முடியாது. பழைய பூட்டுகளைக் கைவிட்டது பாதுகாப்புக்காக. வெப் பூட்டு போட்ட வீட்டின் இணைப்பு தெருவுக்குத் திறந்துகிடப்பதற்குச் சமம். பழைய கருவிமேல் இரக்கம் காட்டி வீட்டையே திறந்துபோட முடியுமா? முடியாது. பழைய பூட்டை மீண்டும் போடச் சொல்வது என் வாதம் அல்ல. ஆனால் பூட்டு மாறினால் மாற்றவேண்டியது அட்டையைத்தான், மடிக்கணினியை அல்ல. புதிய தரம் அறிந்த சிறு யுஎஸ்பி வைஃபை அட்டை அந்த இடத்தை நிரப்பும். நெட்வொர்க் கம்பியை நேராக ரவுட்டரில் செருகினால் வைஃபை பூட்டு என்ற கேள்வியே எழாது. கைத்தொலைபேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, அதன் இணைப்பைப் பகிர்ந்தால் தொலைபேசியே வைஃபை அட்டையாகிவிடும். அதே சமயம், பாதுகாப்புப் புதுப்பிப்பு முற்றிலும் நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பி போன்ற இயங்குதளத்தை இணையத்தில் விடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். அங்கே லினக்ஸ் வகை ஒன்றை ஏற்றுவதே நேர்மையான வழி.

இன்னொரு மறுப்பு கைத்தொலைபேசி. எல்லார் கையிலும் அது இருக்கும்போது பழைய மடிக்கணினிக்கு இவ்வளவு பாடு ஏன்? இன்று மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். வீட்டாரோடு முகம் பார்த்துப் பேச அவர்களுக்குத் தொலைபேசியே போதும். ஆனால் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, வீட்டிலிருந்து கற்பித்தல் கற்றல் நீண்டுகொண்டே போனபோது, கைத்தொலைபேசியின் எல்லை எங்கே என்று நாடு முழுவதும் தெரிந்துபோனது. பாடத்தைப் பார்ப்பதற்குச் சிறிய திரை போதும். கட்டுரை எழுத, கணக்கு வரிசை போட, விண்ணப்பப் படிவம் நிரப்ப விசைப்பலகை வேண்டும். அரசும் அறக்கட்டளைகளும் 2021இல் செர்டிக் திட்டத்தின் வழி 1,50,000 கருவிகளை 500 பள்ளிகளுக்குக் கொடுக்க முன்வந்ததே அந்தத் தேவைக்கான ஒப்புதல். அந்த வேளையில் வீட்டில் இருந்த பழைய மடிக்கணினி எழுந்து நின்றிருந்தால் அதன் மதிப்பு பெரிது.

வயதால் வரும் பழுதே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். ஆன்டெனா கம்பிகள் அடிப்பகுதியிலிருந்து கீல் வழியாகத் திரைக்குள் ஏறுகின்றன, ஆண்டுக்கணக்கில் திறந்து மூடுவதில் அவை தேய்ந்து அறுந்துபோகும். திரையைச் சாய்க்கும்போதெல்லாம் இணைப்பு வந்து போனால் காரணம் அங்கேதான். பக்கவாட்டில் இருக்கும் சிறு பொத்தான் தட்டுப்பட்டு வைஃபை அணைந்துகிடப்பதும் உண்டு. ஆனால் இவற்றைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்கலாம். தொட்டுத் தெரியாதவைதான் தோட்டத்து வீட்டைத் தோற்கடிக்கின்றன, காரணம் அவற்றின் மருந்து இணையத்திலேயே இருக்கிறது. டிரைவர் இல்லாமல் இணையம் வராது, இணையம் இல்லாமல் டிரைவரை இறக்க முடியாது. பட்டணத்தில் இது பக்கத்துக் கடைக்கு நடக்கிற தொல்லை. போ தோட்டத்தின் பள்ளத்தாக்கிலோ புளூ வேலியிலோ இது கருவியை மூலையில் ஒதுக்கிவைக்கும் காரணமாகிறது.

மலையிலுள்ள தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பேடு இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். தோட்டத்து வீடுகளில் இருக்கும் மடிக்கணினிகளின் மாடல், அவற்றின் வைஃபை அட்டையின் பெயர், அது அறிந்த அலைவரிசை, அறிந்த பூட்டு, இயங்குதளத்தின் ஆதரவு நிற்கும் நாள் ஆகியவற்றை அதில் எழுதிவைக்கலாம். அந்த அட்டைகளுக்கான டிரைவர்களை ஒரு பென் டிரைவில் இறக்கி, இரண்டு யுஎஸ்பி வைஃபை அட்டைகளோடும் ஒரு நெட்வொர்க் கம்பியோடும் அலமாரியில் வைக்கலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்த நாளை எழுதி, அதற்கு நேரே எந்தெந்த வீட்டு மடிக்கணினிக்கு என்ன செய்யவேண்டும் என்று பட்டியல் போடும் வேலையை அடுத்த பள்ளி விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.