எகிப்தியக் கொன்சேர்ட்டோ

பிரெஞ்சு இசையமைப்பாளர் கமில் சான்-சான்ஸ் (1835–1921) பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக இயற்றிய ஐந்தாவதும் கடைசியுமான கொன்சேர்ட்டோ. எஃப் மேஜர், ஓபஸ் 103. மூன்று பகுதிகள் கொண்டது. வாசிக்க அரை மணி நேரமளவு ஆகும். 1896இல் எகிப்தின் லக்சோர் நகரில் எழுதப்பட்டதால் இப்பெயர் வந்தது என்பர்.

இதற்கு முன்னோடி 1891இல் கெய்ரோவில் முடிக்கப்பட்ட ‘ஆப்பிரிக்கா’. அதுவும் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமானது. வட ஆப்பிரிக்க மெட்டுகள் கலந்தது. அதை முடிப்பதற்குச் சற்று முன்னர் சான்-சான்ஸ் இலங்கைக்கு வந்திருந்தார்.  

படைப்பின் உயிர் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. தந்திக் கருவிகளின் அதிரடியான தாளத்தின் மேல் பியானோ, மகாம்கள் எனப்படும் அறபு இசை முறைகளின் சாயலில் ஏறி இறங்குகிறது. சிலர் இதில் ஹிஜாஸ் என்னும் மகாமைக் கேட்கின்றனர். பிறகு வேகம் தணிந்து, ஒரு நூபியக் காதற் பாட்டு இடது கையில் எழுகிறது. நைல் நதியில் பாய்ப்படகில் செல்கையில் படகோட்டிகள் பாடக் கேட்ட மெட்டு அது. இலங்கையின் கல்முனைக் கரையில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தண்ணீரில் உழைப்போர் குரலில் ஓர் இசைஞர் மயங்கி நின்றது புதிதாகத் தோன்றாது. ஓரிடத்தில் வலது கை மெட்டுக்கு மேலே மெல்லிய ஒலிகளை அடுக்க, பியானோ பியானோவாகவே கேட்பதில்லை. ஜாவாவின் கமெலான் இசையின் தாக்கம் இது என்பாரும் உளர். இரவுத் தவளைகளின், பூச்சிகளின் ஒலியும் இப்பகுதியில் உண்டு.

கடைசிப் பகுதியின் தொடக்கம் கப்பலின் சுழலி ஓசையைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது.

பத்து வயதில் பாரிஸின் சால் பிளேயல் அரங்கில் அறிமுகமான சான்-சான்ஸ், அதன் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரியில் தாமே இதை முதன்முதலாக வாசித்தார். மே 6 என்றும் ஜூன் 2 என்றும் நாள் வேறுபடுகிறது. படைப்பு பியானோக் கலைஞர் லூயி டியெமேருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

பின்னர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் போன்ற பியானோக் கலைஞர்கள் இதை வாசித்தனர். பெர்த்ரான் ஷமாயூவின் ஒலிப்பதிவு 2019இல் கிராமஃபோன் இதழின் ஆண்டுச் சிறந்த பதிவு விருதைப் பெற்றது. புதிதாகக் கேட்போர் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்கலாம்.