பழைய மக்கள்தொகைக் கணக்கில் காணாமல் போன பூட்டன்

குமரி மாவட்டத்தில் பல குடும்பங்களில் இப்படி ஒரு கதை இருக்கும். தாத்தாவின் அப்பாவோ, அவருக்கும் முந்தியவரோ "கொழும்புக்குப் போனார்", "கப்பலேறினார்" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால் அவர் கிடைத்துவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கிடைப்பாரா?

முதலில் எந்த அரசின் கணக்கைத் தேடுவது என்று தெரிய வேண்டும். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர். அங்கே முறையான முதல் கணக்கெடுப்பு 1875-ல் நடந்தது. அதன் அறிக்கையை எழுதியவர் நாகமய்யா. அப்போது மக்கள்தொகை 23,11,379. 1901-ல் அது 29,52,157 ஆனது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், இரணியல், கல்குளம், விளவங்கோடு என்று தாலுகா வாரியாகவும், சாதி, மதம், தொழில் வாரியாகவும் பக்கம் பக்கமாகப் பட்டியல்கள் உண்டு. ஆனால் ஒரு குடியானவரின் பெயர்கூட அவற்றில் இல்லை!

காரணம் எளிது. கணக்கெடுப்பவர் வீட்டு வாசலில் நின்று பெயரைக் கேட்டுத்தான் எழுதினார். ஆனால் அரசுக்குத் தேவைப்பட்டது கூட்டுத்தொகை மட்டுமே. எண்ணி முடித்ததும் அந்த வீட்டுப் படிவங்களுக்கு வேலை இல்லாமல் போனது. அவை பாதுகாக்கப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டமோ, கணக்கெடுப்புப் பதிவேடுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்கிறது. மற்ற நாடுகளில் அப்படி இல்லை. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழித்துப் பெயர்களோடு வெளியிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-ல் வெளிவந்தது. இங்கிலாந்தின் 1921 கணக்கும் அதே 2022-ல் வெளிவந்தது. அங்கே பேரன் தன் பூட்டனின் வீட்டு எண் வரை கண்டுபிடிக்கலாம். இங்கே பூட்டன் 23,11,379 பேரில் ஒருவர், அவ்வளவுதான்.

அப்படியானால் பெயர்கள் எங்கே இருக்கின்றன? வேறு காரணங்களுக்காக எழுதப்பட்ட தாள்களிலும் ஓலைகளிலும் இருக்கின்றன.

நிலம் வைத்திருந்தவரின் பெயர் வரிக் கணக்கிலும் பத்திரத்திலும் இருக்கும். அதில் கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824-ஐயும், அதன் பிறகு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே 1926-ல் சட்டம் வரும் வரை மருமக்கள் வழி இருந்ததையும் மறக்கக் கூடாது. அப்பா பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காத குடும்பம், தாய்மாமன் பெயரில் கிடைக்கும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. மயிலாடியில் ரிங்கல்தௌபே 1809-ல் ஆலயம் கட்டினார். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கும் என்பதால் பழைய பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

நிலமே இல்லாதவர்களின் நிலை வேறு. 1836 கணக்கின்படி திருவிதாங்கூரில் சுமார் 1,64,000 பேர் அடிமைகள். 1855-ல்தான் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைத் தேடி எடுத்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பின்னர் அ.கா.பெருமாள் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். அவற்றில் அடிமைகளை விற்ற ஓலைகளும் உண்டு. சொத்து எழுதி வைக்க வழியில்லாதவனின் பெயர், அவனையே சொத்தாக எழுதியபோது பதிவானது.

கடல் கடந்தவர்களின் கதையும் இதுபோலத்தான். 1860 முதல் 1911 வரை 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டது. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதிக்கொண்டார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் தங்கள் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள். ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் என்பதால், நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் கங்காணியோடு கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவரை இந்த ஏடுகளில் தேடிப் பயனில்லை.

ஆக, ஊரிலேயே நிம்மதியாக வாழ்ந்து மடிந்த ஏழை எந்த ஏட்டிலும் இல்லை. விற்கப்பட்டவரும் கப்பலேற்றப்பட்டவரும் ஏட்டில் இருக்கிறார்கள். பெயர் பதிவாவது எப்போதும் மரியாதைக்காக இல்லை.

அரசு எழுதி வைக்காததை வீடுகள்தான் எழுதி வைக்க வேண்டும். வீட்டுப் பெயர், குலதெய்வத்தின் ஊர், தாய்மாமன் பெயர், போன ஊர், போன காலம் ஆகிய இந்த ஐந்தும் தெரிந்தால் தேடத் தொடங்கலாம். அவை இன்னும் பல வீடுகளில் பாட்டிமார் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.