பனம்பூருக்குப் போன மலை

கர்நாடகத்தில், பத்ரா ஆறு பிறக்கும் குதுரேமுக் மலைத்தொடரில் இரும்பு இருப்பதை 1913இல் சம்பத் ஐயங்கார் என்ற மைசூர் நிலவியலாளர் கண்டார். அதன்பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கல்லை யாரும் தொடவில்லை. நூற்றுக்கு 38 பங்குதான் இரும்பு தேறும். அப்படியே விற்க வழியில்லை.

1975இல் ஈரான் கேட்டு வந்தது. 21 ஆண்டுகளில் 15 கோடி டன் வாங்கிக்கொள்வதாகவும் 63 கோடி டாலர் கடன் தருவதாகவும் ஒப்பந்தம். மறு ஆண்டே குதுரேமுக் இரும்புத்தாது நிறுவனம் தொடங்கியது. காட்டுக்கு நடுவே ஊரும் ஆலையும் எழுந்தன.

மலையை வெடிவைத்துப் படிப்படியாக வெட்டினார்கள். கல்லை மாவாக அரைத்து, நீரில் கரைத்து, காந்த உருளைகளில் ஓட்டினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும், மணல் விலகிப்போகும். 67 விழுக்காடு இரும்புள்ள அந்தக் கருங்குழம்பு, 67 கிலோமீட்டர் குழாய்க்குள் ஓடி மங்களூர் பனம்பூர் துறைமுகத்துக்கு இறங்கியது. அங்கே வடிகட்டிக் கப்பலில் ஏற்றத் திட்டம்.

ஆலை 1980இல் தயாரானபோது ஈரானில் மன்னர் ஷாவின் ஆட்சி இல்லை. புரட்சிக்குப் பின் கடன் பாதியில் நின்றது, தாதுவை வாங்கவும் ஆளில்லை. ஒரே ஒரு நாட்டை நம்பி ஒரு மலையை உடைக்கத் துணிந்த கணக்கு அது. பிறகு வேறு நாடுகளைத் தேடி விற்றார்கள். 1987இல் பனம்பூரிலேயே தாதுவை உருண்டையாக்கும் ஆலையும் வந்தது.

குழாயில் போனதைவிட மலையில் தங்கியதே அதிகம். ஆண்டுக்கு 75 லட்சம் டன் அனுப்ப, ஏறக்குறைய 2.25 கோடி டன் வெட்டியாக வேண்டும். மிச்சமெல்லாம் லக்யா ஓடையை மறித்துக் கட்டிய 100 மீட்டர் உயர அணைக்குப் பின்னால் சேறாகக் குவிந்தது. அங்கே பெய்வது சாதாரண மழையல்ல, சில ஆண்டுகளில் 7,000 மில்லிமீட்டரைத் தொடும். வெட்டிப்போட்ட சரிவுகளின் மண் பத்ராவில் இறங்கியது. அந்த ஆறு துங்கபத்ராவாகி, கிருஷ்ணாவில் கலக்கிறது, வழிநெடுக வயல்கள்.

1987இல் குதுரேமுக் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1999இல் சுரங்கக் குத்தகை முடிந்தும் வெட்டு நிற்கவில்லை. முன்னாள் வன அலுவலர் கே.எம்.சின்னப்பா உச்ச நீதிமன்றம் போனார். 2002 அக்டோபரில் சுரங்கத்தை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2005 டிசம்பர் 31ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அதை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஊரைக் காலிசெய்தன. அந்த வலியும் உண்மை. ஆனாலும் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன்.

பனம்பூர் ஆலைக்குப் பின்னாளில் சத்தீஸ்கரின் பைலாடிலா மலைத்தாது கடல்வழி வந்தது. லக்யாவில் சேறு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பருவமழையிலும் அந்த அணையைக் காக்கும் பொறுப்பு, குத்தகையோடு முடிந்துவிடவில்லை.