திட்டிவாசல்: எம்.சி.ஏ. படிப்பு பிறந்த கதை

நம் பெருங்கோயில்களின் வாயிற்கதவுகளில், ஓர் ஆள் குனிந்து நுழையுமளவுக்குச் சிறு கதவொன்று பொருத்தப்பட்டிருக்கும். திட்டிவாசல் என்று அதற்குப் பெயர். பெரிய கதவு சாத்தியிருக்கும் வேளையிலும் அதன் வழியே உள்ளே போய்விடலாம். இந்தியக் கணினிக் கல்வியின் வரலாற்றைப் புரட்டும்போது எம்.சி.ஏ. என்னும் முதுகலைப் படிப்பு நமக்கு அப்படியொரு திட்டிவாசலாகவே தோன்றுகிறது. அதை வைத்தவர்கள் யார், யாருக்காக வைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம்.

கணினியியல் உலகெங்கும் முதலில் பட்டதாரிகளுக்கான படிப்பாகத்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் எட்சாக் கணினி இயங்கத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1953இல், எண்சார் பகுப்பாய்வும் தானியங்கிக் கணிப்பும் என்ற பெயரில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு அங்கே ஆரம்பமாயிற்று. கணிதமோ இயற்பியலோ முன்பே கற்றவர்கள்தாம் அதில் சேர்ந்தார்கள். இயந்திரமே அரிதான பொருளாக இருந்த காலத்தில் அதனருகே செல்வதற்கு வேறொரு துறையில் பெற்ற பட்டம் முன்தகுதியாக இருந்தது. இளநிலைப் பட்டங்கள் பிற்பாடு வந்தவை.

இந்தியாவிலும் இதே வரிசைதான். 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்து சேர்ந்தது. ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூடி அந்நிறுவனத்துக்கு உதவி வந்த திட்டத்தின் வழியே வந்தது அது. துளையட்டைகளை வைத்துக்கொண்டு ஃபோர்ட்ரான் மொழியைச் சில நாட்களில் கற்பிக்கும் குறுகிய வகுப்புகளை அங்கே நடத்தினார்கள். வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அவற்றில் கலந்துகொண்டார்கள். அந்த ஆண்டிலேயே கான்பூரில் ஆசிரியராகச் சேர்ந்தவர் வி. ராஜாராமன். 1933இல் ஈரோட்டில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1969இல் வெளிவந்த அவருடைய நிரலாக்கப் பாடநூல், கணினியைக் கண்ணால் காணாத மாணவர்கள் கையிலும் போய்ச் சேர்ந்தது.

கான்பூரில் முதலில் மின்பொறியியல் முதுகலை மாணவர்கள்தாம் கணினிப் பாடங்களைப் பயின்றார்கள். 1971இல் கணினி அறிவியலுக்கெனத் தனி எம்.டெக்., முனைவர் பட்டப் படிப்புகள் தோன்றின. இளநிலையான பி.டெக். 1978இல்தான் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் கதையும் இதை ஒத்ததே. 1973இல் ஜெர்மானிய உதவியோடு ஐ.பி.எம். 370/155 அங்கே நிறுவப்பட்டது. கான்பூரிலிருந்து எச்.என். மகாபலா அங்கே வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். இளநிலைப் படிப்பு தொடங்கப் பத்தாண்டுகள் பிடித்தன.

இவையெல்லாம் பெருமைக்குரிய தொடக்கங்களே. ஆனால் எம்.டெக். வகுப்புக்குள் நுழையப் பொறியியல் பட்டமோ, அறிவியலில் முதுகலைப் பட்டமோ வேண்டும். ஆண்டுக்குச் சில பத்துப் பேரே வெளியே வருவார்கள். அவர்களிலும் பலர் மேற்படிப்புக்குக் கடல் கடந்துவிடுவார்கள். ஊர்க் கல்லூரியில் கணிதமோ வணிகவியலோ படித்து மூன்றாண்டில் பட்டம் பெற்ற ஒருவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

அவருக்கு இடம் வேண்டும் என்ற எண்ணம் கருணையால் பிறந்ததல்ல, தேவையால் பிறந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தையொட்டி எழுந்த பிணக்கில் ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. உள்நாட்டு நிறுவனங்கள் சிறுகணினிகளைக் கட்டி விற்கத் தொடங்கியிருந்தன. 1976இல் தேசியத் தகவலியல் மையம் அமைந்தது. வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ஆராய்ந்த ரங்கராஜன் குழு 1984இல் தன் அறிக்கையைத் தந்தது. ஓரிரு ஆண்டுகளில் தில்லியில் ரயில் முன்பதிவு கணினிக்கு மாறியது. இந்த வேலைகளுக்கு மின்சுற்று வடிவமைப்பாளர்கள் பெரிய அளவில் தேவைப்படவில்லை. பேரேடு என்றால் என்ன, சரக்கு இருப்பு எப்படிக் குறைகிறது, சம்பளப் பட்டியலில் பிடித்தம் எங்கே போடப்படுகிறது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டறிந்து, அதை நிரலாக மாற்றக்கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள்.

இதற்கான மனிதவளத்தை எப்படி உருவாக்குவது என்று ஆராய மின்னணுவியல் ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் ராஜாராமன். 1980களின் தொடக்கத்தில் அக்குழு பரிந்துரைத்ததுதான் எம்.சி.ஏ. அறிவியல், வணிகவியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்று, கணிதத்தில் போதிய பயிற்சியும் உள்ளவர்கள் சேரலாம். படிப்பு மூன்றாண்டுகள்.

ஏன் மூன்று? மற்ற முதுகலைப் படிப்புகள் இரண்டாண்டில் முடிகின்றனவே என்று கேட்கத் தோன்றும். எம்.எஸ்ஸி. கணிதத்தில் சேர்பவர் மூன்றாண்டு கணிதம் படித்துவிட்டு வருகிறார். எம்.சி.ஏ.வில் சேர்பவரோ கணினியை முதன்முறையாகத் தொடுகிறார். அடிப்படையிலிருந்து தொடங்கி முதுகலையின் உயரம் வரை அவரை ஏற்றியாக வேண்டும். ஆகவே நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், முறைமைப் பகுப்பாய்வு ஆகியவற்றோடு கணக்குப்பதிவியல், புள்ளியியல், செயல்பாட்டு ஆராய்ச்சி, மேலாண்மை ஆகியவையும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. கடைசிப் பருவம் முழுவதையும் மாணவர் ஒரு நிறுவனத்திலேயே கழித்து, அங்குள்ள உண்மையான சிக்கல் ஒன்றுக்குத் தீர்வு எழுத வேண்டும். பெயரில் 'அறிவியல்' என்பதற்குப் பதிலாகப் 'பயன்பாடுகள்' என்று வைத்தது தற்செயலன்று.

தமிழ்நாட்டில் இப்படிப்பு எத்தகைய வேளையில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1984இல் இங்கே பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். நுழைவுத்தேர்வில் பின்தங்கியவர்களும், சுயநிதிக் கல்லூரிக்குப் பணம் கட்ட இயலாதவர்களும் பக்கத்து ஊர்க் கலைக்கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தார்கள். பதினேழு வயதில் சாத்தப்பட்ட கதவை இருபது வயதில் மறுபடி தட்டிப் பார்க்கும் வாய்ப்பை எம்.சி.ஏ. அவர்களுக்குத் தந்தது. நாமக்கல் மாவட்டம் மோகனூரில் அரசுப் பள்ளியில் படித்த என். சந்திரசேகரன், கோவையில் பயன்பாட்டு அறிவியலில் பட்டம் பெற்று, 1986இல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எம்.சி.ஏ. முடித்தார். 2009இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸின் தலைமைப் பொறுப்புக்கும், 2017இல் டாடா சன்ஸின் தலைவர் பதவிக்கும் வந்தார். இது எல்லோரும் அறிந்த உதாரணம். நமக்கு முக்கியமாகப்படுவது, பெயர் தெரியாத மற்றவர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து, வங்கிக் கிளைகளுக்கும் காப்பீட்டு அலுவலகங்களுக்கும் நிரல் எழுதிய பெருங்கூட்டம் அது.

திட்டிவாசலில் நுழையக் குனிந்தாக வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பொறியியல் படித்தவர் பள்ளிக்குப் பின் நான்காண்டில் வேலைக்குப் போனார், எம்.சி.ஏ. படித்தவருக்கு ஆறாண்டுகள் ஆயின. பல நிறுவனங்களில் இருவரும் ஒரே படியில்தான் தொடங்கினார்கள். வீட்டில் அடுத்தடுத்துத் தங்கைகள் இருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டாண்டுச் சம்பளம் சிறிய தொகையல்ல. 1990களின் பிற்பகுதியில், 2000ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கல் கிளப்பிய அவசரத்தில், அந்த இழப்பு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 2001இன் சரிவில் தெரிந்தது.

வேறு வழிகளும் உருவாயின. 1995இல் விப்ரோ நிறுவனம், பிலானியின் பிட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, அறிவியல் பட்டதாரிகளை நேரடியாக வேலைக்கு எடுத்து, வேலை செய்துகொண்டே முதுகலைப் பட்டம் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. படிக்கும் காலத்திலேயே உதவித்தொகை கிடைத்ததால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் அங்கே வாசலைத் திறப்பதும் மூடுவதும் நிறுவனத்தின் ஆண்டுத் தேவையைப் பொறுத்தது. பல்கலைக்கழகம் வைத்த வாசலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

2020-21 கல்வியாண்டிலிருந்து அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் எம்.சி.ஏ.வை இரண்டாண்டுப் படிப்பாகக் குறைத்தது. இதற்குச் சொல்லப்பட்ட நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பி.சி.ஏ.வும் பி.எஸ்ஸி. கணினி அறிவியலும் ஊர்தோறும் வந்துவிட்டன. அவற்றைப் படித்தவர்களுக்கு முதலாண்டு ஏற்கெனவே படித்த பாடம். அவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி முன்பே இருந்தது. அதையே பொது வழியாக்கிவிட்டார்கள். கணிதம் படித்த பிற துறைப் பட்டதாரிகளும் இன்னமும் சேரலாம். அவர்களுக்கென இணைப்புப் பாடங்கள் நடத்த வேண்டும் என்று விதி சொல்கிறது.

நமக்குள்ள கேள்வி இந்த இணைப்புப் பாடங்களைப் பற்றியதே. நீக்கப்பட்ட ஓராண்டு கணினி படித்து வந்தவருக்குச் சுமை. இயற்பியலும் வணிகவியலும் படித்து வந்தவருக்கோ அதுதான் படிப்பின் ஆதாரம். முழு ஓராண்டில் நிதானமாக ஏற வேண்டிய படிகளை, மற்ற பாடங்களின் நடுவே சில வாரங்களில் அவர் ஏற வேண்டியிருக்கிறது. விதிப்படி வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் உள்ளே வந்தவர் அந்த வகுப்பில் தரிப்பதும் தரிக்காததும் அந்தச் சில வாரங்களை யார், எவ்வளவு அக்கறையோடு நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ராஜாராமன் குழு மூன்றாம் ஆண்டைச் சேர்த்தது மாணவர்களைக் காக்கவைக்க அல்ல, சமப்படுத்த. காலத்தைக் குறைத்தவர்கள் அந்தச் சமப்படுத்தும் வேலையையும் வேறெங்கோ இறக்கி வைத்திருக்கிறார்கள். அதைச் சுமக்க வேண்டியவர் கல்லூரி ஆசிரியரா, பயிற்சி நிலையத்துக்குத் தனியே கட்டணம் கட்டும் மாணவரா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கால அட்டவணையில்தான் சொல்லியாக வேண்டும்.