பெர்லின் சுவர்வழி: எல்லைக்கோடு மிதிவண்டிப் பாதையான வரலாறு

ஐரோப்பியப் பெருநகரங்களை ஒட்டி அமைந்த இனிய மிதிவண்டிப் பாதைகளில் பல, ஓர் ஆற்றின் கரையையோ, கைவிடப்பட்ட இரயில் தடத்தையோ, ஒருகாலத்தில் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகள் நடந்த கால்வாய்க் கரையையோ பின்பற்றிச் செல்வதால், அவற்றின் அழகுக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. பெர்லின் நகரின் மேற்குப் பாதியைச் சுற்றி ஏறத்தாழ 160 கி.மீ. நீளத்துக்கு வளைந்து செல்லும் சுவர்வழியின் நிலை வேறு. 1961 முதல் 1989 வரை மேற்குப் பெர்லினை அடைத்து நின்ற பெர்லின் சுவரின் தடத்தில் போடப்பட்ட இப்பாதையில் காடும் ஏரியும் சதுப்புப் புல்வெளியும் அரசத் தோட்டமும் மாறி மாறி வருகின்றன. துப்பாக்கி ஏந்திய காவல்படை ஒன்று இப்படிப்பட்ட வழியைக் காட்சி இன்பம் கருதித் தேர்ந்திருக்க முடியாது. உண்மையில் அந்த எல்லைக்கோட்டை அவர்கள் வரையவே இல்லை; சுவர் எழுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, போரோடும் பனிப்போரோடும் தொடர்பற்ற ஒரு நகராட்சிச் சட்டம் அதை வரைந்து வைத்திருந்தது.

1920 ஏப்ரல் 27 அன்று பிரஷ்ய மாநிலத்தில் நிறைவேறி, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘பெரும் பெர்லின் சட்டம்’, பழைய பெர்லினோடு 7 நகரங்களையும் 59 ஊராட்சிகளையும் 27 பண்ணை வட்டங்களையும் ஒன்றாக இணைத்தது. பண்ணை வட்டம் என்பது ஒரு நிலக்கிழாருக்கோ அரசுக்கோ உரியதாய், எந்த ஊராட்சியிலும் சேராமல் தனி நிர்வாகமாக இயங்கிய நிலப்பரப்பு. அரச காடுகளும் கோட்டைத் தோட்டங்களும் பெரும்பாலும் இவ்வகையின. இந்த இணைப்பால் ஏறத்தாழ 66 சதுர கி.மீ. பரப்புடைய நகரம் 878 சதுர கி.மீ. பரப்புடையதாக விரிந்தது. ஆனால் எல்லையைப் புதிதாக அளந்து கல் நடும் வேலை பெரும்பாலும் தேவைப்படவில்லை. சேர்க்கப்பட்ட கடைசி ஊரின் வெளிவிளிம்பே நகரின் விளிம்பாயிற்று. பிராண்டன்பூர்க் சமவெளியின் பழைய ஊர்களில் வீடும் தேவாலயமும் நடுவிலும், விளைநிலம் அவற்றைச் சுற்றியும், உழவுக்கு உதவாத காடும் சதுப்பும் ஓரத்திலும் இருந்தன. ஓடையோ ஏரியோ இருந்தால் அதன் நடுக்கோடு இரண்டு ஊர்களுக்கும் பொதுவான எல்லையாகக் கொள்ளப்பட்டது. ஆகவே உழவர் பயன்படுத்தாமல் ஒதுக்கிய ஓரநிலங்களையே கோத்துக்கொண்டு நகரின் புதிய எல்லை ஓடியது. பின்னாளில் சுவர்வழியின் அழகு என்று பாராட்டப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒதுக்கலிலிருந்து வந்தது.

இரண்டாம் உலகப்போர் முடியும் முன்னரே, 1944 செப்டம்பர் 12 அன்று இலண்டனில் கையொப்பமான நெறிமுறையில், தோற்கப்போகும் ஜெர்மனியை எவ்வாறு பங்கிடுவது என்று நேச நாடுகள் முடிவு செய்தபோது, பெர்லின் என்றால் எது என்பதற்கு 1920ஆம் ஆண்டுச் சட்டத்தையே சான்றாகக் காட்டின. நகருக்குள் எந்தப் பகுதி எந்தப் படையினருக்கு என்பதும் அச்சட்டம் வகுத்த வட்டாரங்களின்படியே தீர்மானிக்கப்பட்டது. ஊர் எல்லை இவ்வாறு வல்லரசுகளின் எல்லையாயிற்று. சிற்சில இடங்களில் மட்டும் திருத்தம் செய்யப்பட்டது. காட்டாக, பிரித்தானியர் கட்டுப்பாட்டிலிருந்த காட்டோ விமான தளம் முழுமையும் ஒரே பகுதிக்குள் அடங்கவேண்டி, 1945இல் கிராஸ் கிலீனிக்க ஊரின் கிழக்குத் துண்டு அவர்களுக்கு வழங்கப்பட்டு, அதற்கு ஈடாக ஷ்டாக்கன் ஊரின் மேற்குப் பகுதி சோவியத் தரப்புக்கு விடப்பட்டது.

1961 ஆகஸ்டு 13 அன்று விடியும் முன் முள்கம்பி விரிக்கப்பட்டபோது, கிழக்கு ஜெர்மன் அரசு பின்பற்றியது இந்தக் கோட்டையே. மொத்த நீளமான 155 கி.மீ.யில் கிழக்கு, மேற்குப் பெர்லின்களுக்கு நடுவே ஓடியது 43 கி.மீ. மட்டுமே, மீதியுள்ள 112 கி.மீ. மேற்குப் பெர்லினைச் சுற்றியிருந்த நாட்டுப்புறத்திலிருந்து பிரித்தது. சுவர் என்ற சொல் ஒற்றைக் கட்டுமானத்தை நினைவூட்டினாலும், முழு வளர்ச்சி பெற்ற நிலையில் அது பல அடுக்குகளைக் கொண்ட ஒரு நிலப்பட்டையாக இருந்தது. கிழக்கிலிருந்து வருபவர் முதலில் பின்சுவரையும், தொட்டால் அபாயக் குறிப்பு எழுப்பும் கம்பி வேலியையும், அடுத்துக் காவல் கோபுரங்களையும், இரவெல்லாம் எரியும் விளக்கு வரிசையையும், காலடி பதியுமாறு நாள்தோறும் வாரிச் சமனாக்கப்பட்ட மணற்பரப்பையும் கடந்தால்தான், 3.6 மீட்டர் உயரமுடைய முன்சுவரை அடைய முடியும். மணலில் புல் முளைக்காதிருக்கக் களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. ஆள் நடமாட்டமற்ற அப்பட்டையில் முயல்கள் மட்டும் பெருகின. அவற்றைப் பற்றிப் பிற்காலத்தில் ஓர் ஆவணப்படமே எடுக்கப்பட்டது.

மிதிவண்டி வரலாற்றுக்கு இதில் முதன்மையானவை இரண்டு சாலைகள். ஒன்று, பட்டைக்குள் கிழக்குக் காவலர் வண்டியில் ரோந்து சுற்றிய காவல்பாதை. மழையிலும் பனியிலும் எந்த நேரத்திலும் வண்டி தடையின்றி ஓட வேண்டும் என்பதால் தாரோ கான்கிரீட்டோ இட்டு, குறுக்கீடுகள் இல்லாமல் அது அமைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று, சுவருக்கு வெளியே மேற்குப் பெர்லின் சுங்க அலுவலர் எல்லையைப் பார்வையிடச் சென்ற சுங்கப்பாதை. முன்சுவர் எல்லைக்கோட்டின்மேல் நிற்காமல் கிழக்குப் பக்கமாகச் சற்று உள்வாங்கி நின்றதால், மேற்கிலிருந்து வந்து சுவரில் ஓவியம் தீட்டியவர்கள்கூடச் சட்டப்படி கிழக்கு ஜெர்மன் மண்ணில் நின்றே தீட்டினார்கள். ஓய்வு நாளில் மிதிவண்டியோடு வெளியே கிளம்பும் மேற்குப் பெர்லினியருக்குக் குரூனவால்ட் காடும் ஹாவல் ஆற்றங்கரையும் வடக்கே லூபார்ஸ் ஊரின் வயல்வெளியும் இருந்தன. எத்திசையில் மிதித்தாலும் சிறிது நேரத்தில் சுவர் வந்துவிடும். திரும்பி வர மனமில்லாதவர்கள் சுங்கப்பாதையில் சுவரை ஒட்டியே ஓட்டினார்கள். கிழக்கிலோ, எல்லையை அடுத்த பகுதிகளுக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது.

1989 நவம்பர் 9 இரவு, பார்ன்ஹோல்மர் தெருவிலுள்ள பாலத்தில் மக்கள் திரளுக்கு முன் காவலர் தடுப்பைத் திறந்துவிட்டனர். மறுநாளே, சுவர் கட்டப்பட்டபோது மேற்குப் பெர்லின் மேயராக இருந்த வில்லி பிரான்ட், அதன் ஒரு துண்டையாவது வரலாற்று நினைவாக விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்நாளைய மனநிலையில் அதைக் காதில் வாங்கியவர் சிலரே. 1990 ஜூன் 13 அன்று பேர்னவர் தெருவில் முறையாகத் தொடங்கிய இடிப்பு, நகருக்குள் அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ நிறைவுற்றது. இருபத்தெட்டு ஆண்டுகள் குடும்பங்களைப் பிரித்த ஒன்றை உடைப்பதில் அவசரம் காட்டியவர்களைக் குறை கூறுவது எளிதன்று. ஆயினும் அந்த அவசரத்தில் காவல்பாதையும் பல இடங்களில் பெயர்த்தெடுக்கப்பட்டு, நிலம் வீட்டுமனைகளாகவும் பழைய உடைமையாளரின் தோட்டமாகவும் மாறத் தொடங்கியது. சுவருக்காகப் பறிக்கப்பட்ட நிலத்தை முன்னாள் உரிமையாளர் சந்தை மதிப்பில் கால்பங்கு விலைக்குத் திரும்பப் பெறலாம் என்று 1996இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தபின், தொடர்ச்சியான பாதை ஒன்று அங்கே எஞ்சும் வாய்ப்பு மேலும் குறைந்தது.

எஞ்சியதைப் பாதையாகக் காக்க வேண்டும் என்று விடாது வாதாடியவர், பெர்லின் சட்டமன்றத்தில் பசுமைக் கட்சியின் உறுப்பினராக இருந்த மைக்கேல் கிராமர். போக்குவரத்துக் கொள்கையில் ஈடுபாடு கொண்ட அவர், வரலாற்றை அருங்காட்சியகத்தில் காண்பதைவிட நிலத்திலேயே கடந்து செல்வது மேல் என்ற கருத்துடையவர். சுவரின் தடத்தை மிதிவண்டியில் சுற்றுவதற்கான வழிகாட்டி நூலும் எழுதினார். சுவர் எழுந்து நாற்பது ஆண்டுகள் நிறைந்த 2001இல், எஞ்சிய பகுதிகளைப் பாதுகாத்து நடைக்கும் மிதிவண்டிக்கும் உரிய பாதையாக்கச் சட்டமன்றம் முடிவெடுத்தது. 2002க்கும் 2006க்கும் இடையில் பணி நடந்தது. வழியைத் தேர்ந்த முறை எளிது: காவல்பாதை கிடைத்த இடத்தில் அது, கிடைக்காத இடத்தில் சுங்கப்பாதை, இரண்டும் அழிந்த இடத்தில் அருகிலுள்ள அமைதியான தெரு. முழுச் சுற்றும் 7 முதல் 21 கி.மீ. வரையிலான 14 கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் பொதுப் போக்குவரத்தில் அடைய முடியும் என்பது, 160 கி.மீ.யையும் ஒரே மூச்சில் ஓட்ட இயலாதவர்களுக்குச் செய்யப்பட்ட பெரிய உதவி.

வடக்குக் கட்டங்களில் டேகலர் ஃபிளீஸ் என்னும் சிற்றோடையின் ஈரப் புல்வெளிகளும், பெர்க்ஃபெல்ட அருகே முன்னாள் காவல் கோபுரம் ஒன்றும் வருகின்றன. 1990 முதல் அக்கோபுரத்தைப் பராமரிக்கும் வன இளைஞர் அமைப்பினர், களைக்கொல்லியால் மலடாகிக் கிடந்த பட்டையில் மரம் நட்டுக் காடு வளர்த்துள்ளனர். தெற்கே டெல்டோ கால்வாயை ஒட்டிய பகுதி நடுத்தரமானதுதான். ஏப்ரல் கடைசியில் மட்டும் அதன் மதிப்பு உயர்ந்துவிடுகிறது. இரு ஜெர்மனிகளும் இணைந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனமான டிவி ஆசாகி தன் நேயர்களிடம் பணம் திரட்டி, பழைய எல்லை நெடுக 9,000க்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை நடச் செய்ததும், அவற்றுள் நீண்டதொரு வரிசை டெல்டோவுக்கும் லிக்டர்ஃபெல்டவுக்கும் இடையே பூப்பதும் அதற்குக் காரணம்.

ஒரே ஒரு கட்டத்தைத் தேர்வதாயின் தென்மேற்கையே தேர வேண்டும். போட்ஸ்டாம் நகரம் 1920இல் பெர்லினோடு சேராமல் தனித்து நின்றதால், எல்லை அங்கே ஹாவல் ஆற்றின் அகன்ற நீர்ப்பரப்பின் நடுவே விழுந்தது. ஆனால் அந்நீர்ப்பரப்பின் இரு கரைகளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பம், லென்னே என்னும் தோட்டக் கலைஞரையும் ஷிங்கல், பெர்சியுஸ் ஆகிய கட்டடக் கலைஞரையும் கொண்டு ஒன்றையொன்று நோக்கும் ஒரே காட்சியாக உருவாக்கியிருந்தது. அக்காட்சியின் நடுவே சுவர் வந்தது. 1844இல் பெர்சியுஸ் கட்டிய சாக்ரோ மீட்பர் தேவாலயம் நீரின் விளிம்பில் நிற்பது. அதன் மணிக்கூண்டையே சுவரின் ஓர் உறுப்பாக்கிவிட்டனர். 1961 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் நடந்த வழிபாட்டுக்குப் பின் உள்ளே நுழைய முடியாமல் கிடந்த அக்கோயிலில், அடுத்த வழிபாடு 1989இன் அதே இரவில் நடந்தது. எதிரே தெரியும் கிலீனிக்க பாலத்துக்குக் கிழக்கு ஜெர்மன் அரசு ‘ஒற்றுமைப் பாலம்’ என்று பெயரிட்டு, பொதுமக்கள் கடக்க முடியாமல் அடைத்தும் வைத்திருந்தது. 1962 முதல் 1986 வரை மூன்று முறை இரு தரப்பும் சிறைப்பட்ட ஒற்றர்களையும் பிறரையும் பரிமாறிக்கொண்டது அங்கேதான். சிறிது தெற்கே ஷ்டைன்ஷ்டூக்கன் என்ற குடியிருப்பு இருக்கிறது. மேற்குப் பெர்லினுக்கு உரியதாயினும் அதனோடு ஒட்டாமல் கிழக்கு மண்ணால் சூழப்பட்டிருந்த இச்சிற்றூருக்கு, 1971ஆம் ஆண்டு நான்கு வல்லரசு உடன்பாட்டுக்குப் பிறகே இருபுறமும் சுவர் எழுப்பிய ஒரு சாலை கிடைத்தது.

நகருக்குள் ஓடும் பகுதி இதற்கு நேர் எதிரானது. போக்குவரத்து மிகுந்த அங்கே சுவரின் தடத்தைத் தரையில் பதித்த இரட்டைக் கல்வரிசை காட்டுகிறது. பேர்னவர் தெருவில் கிழக்கு வரிசை வீடுகளின் முகப்புச் சுவரே எல்லையாக இருந்ததால், சன்னலிலிருந்து குதித்தவர்கள் மேற்கின் நடைபாதையில் விழுந்தனர்; 1961 ஆகஸ்டு 22 அன்று அவ்வாறு குதித்து இறந்த இடா சீக்மன் என்ற பெண்மணியே சுவரில் மாண்ட முதலாமவர். சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்ததாக வரலாற்றாய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் பலருக்கு உயிர் பிரிந்த இடத்தருகே, சுவரின் அதே 3.6 மீட்டர் உயரத்தில், செம்மஞ்சள் நிறத் தூண்கள் நடப்பட்டுள்ளன. காட்டு மரங்களுக்கிடையே இத்தூண் ஒன்று எதிர்ப்படும்போது, இவ்வழியை இன்பச் சுற்றுலாப் பாதை என்று அழைப்பது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. பாதை இல்லாதிருந்தால் அத்தூண்களுக்கு அருகே எவரும் சென்றிருக்கமாட்டார்கள் என்பதால், தகும் என்றே சொல்ல வேண்டும்.

2004இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குச் சென்ற கிராமர், அதே கருத்தைக் கண்டமெங்கும் விரித்தார். பாரன்ட்ஸ் கடல் முதல் கருங்கடல் வரை ஏறத்தாழ 10,000 கி.மீ. செல்லும் ‘இரும்புத்திரை வழி’, ஐரோப்பிய மிதிவண்டிப் பாதை வரிசையில் 13ஆம் எண்ணைப் பெற்று, 2019இல் ஐரோப்பிய மன்றத்தின் பண்பாட்டு வழியாக ஏற்கப்பட்டது. ஆனால் அதன் தாய்ப்பாதை முழுமையானதன்று. போட்ஸ்டாம் மாநாட்டின்போது ஸ்டாலினும் ட்ரூமனும் சர்ச்சிலும் தங்கிய மாளிகைகள் நிற்கும் கிரீப்னிட்ஸ் ஏரிக்கரையில், 1990 முதல் பொதுமக்கள் நடந்தும் மிதித்தும் சென்ற காவல்பாதையை, 2009ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கரையோர மனைகளின் உரிமையாளர் வேலியிட்டு அடைத்தனர். கிராஸ் கிலீனிக்க ஏரியிலும் அதேபோல் அடைப்புகள் தொடர்ந்தன. கிரீப்னிட்ஸில் சுவர்வழி கரையை விட்டு விலகி, மாளிகைகளுக்குப் பின்னாலுள்ள தெருவழியாகச் செல்கிறது.